பஜெரோ வி46 முன் பம்பர் கிட்: வீட்டில வெல்டிங் ஒட்டுறதெண்டா எந்த ஒழுங்கில ஒட்டுறது?

சாம்பல்தீவு வி46:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1996 பஜெரோ வி46, 4எம்40 டீசல். லேசரால வெட்டின முன் பம்பர் கிட் ஒண்டு வந்து கிடக்கு. மொத்தம் 26 துண்டு. முகத் தகடுகள் 3/16 அங்குலம், செசியில பூட்டுற பிறக்கெற் துண்டுகள் 1/4 அங்குலம், ஷக்கிள் (இழுக்கிற கயிறு கொழுவுற யு வடிவ இரும்பு வளையம்) போடுற காது ரெண்டும் 20 மி.மீ. வரைபடத்தில எந்தத் துண்டு எங்க வரும் எண்டு இருக்கு. எதை முதல் ஒட்டுறது எண்டு ஒரு வரியும் இல்லை.

என்னட்ட 160 அம்பியர் இன்வேட்டர் ரொட் மெஷின், 4½ அங்குல கிரைண்டர், நாலு ஜி கிளாம்ப் இருக்கு. 2.5 மி.மீ. 6013 ரொட்டால கேற், ஜன்னல் கிரில் ஒட்டிப் பழக்கம். இந்தத் தடிப்புத் தகடு புதுசு.

கேக்க வேண்டியது மூண்டு. நெளியாமல் ஒட்ட என்ன ஒழுங்கு? 6013 போதுமா, 7018 ரொட் வேணுமா, இல்லாட்டி வாடகைக்குக் கிடைக்கிற கேஸ் இல்லாத மிக் மெஷினை (ரொட்டுக்குப் பதிலா வயர் தானா ஓடி வாற வெல்டிங் மெஷின்) எடுக்கிறதா? வீடு கடற்கரையில இருந்து 300 மீற்றர்தான், உப்புக்காத்துக்கு நிக்கிற பெயின்ற் எது?

உள்துறைமுக வெல்டிங்:

தம்பி, ஒழுங்கைத்தான் முதல் கேட்டிருக்கிறீர், அது சரி. ரொட் எது எண்டதை விட அதுதான் இந்த வேலையைத் தீர்மானிக்கும்.

துண்டுகளை நிலத்தில பரப்பி வரைபடத்தோட எண்ணிப் பாரும். பிறகு ஒவ்வொரு துண்டையும் விளிம்பில இருந்து 20–25 மி.மீ. அகலத்துக்கு ரெண்டு பக்கமும் ஃபிளாப் டிஸ்க்கால (கிரைண்டரில பூட்டுற அரத்தாள் டிஸ்க்) வெள்ளையாத் தேயும். தகட்டு மேல இருக்கிற கறுப்புப் பொருக்கோட ஒட்டினா ஒட்டுக்குள்ள துளை விழும். லேசர் வெட்டின விளிம்பையும் விடக்கூடாது. ஒட்சிசன் ஊதி வெட்டின தகடெண்டா விளிம்பில சாம்பல் நிறத்தில ஒரு மெல்லிய ஒட்சைட்டுத் தோல் இருக்கும், நகத்தால சுரண்டினாலும் வராது. அதுக்கு மேல அடிச்ச பெயின்ற் ஒரு மழைக்காலத்தில தோலோட சேர்ந்து உரியும். பம்பர் முதல்ல துருப்பிடிக்கிறது அந்த விளிம்பிலதான். எண்ணெய் துடைக்கத் தின்னர் பாவிச்சு நல்லாக் காயவிடும். பிரேக் கிளீனர் வேண்டாம். குளோரின் கலந்ததெண்டா ஒட்டுற வெளிச்சம் பட்டு நச்சுவாயு வரும், ஆளைக் கொல்லக்கூடியது.

பிறகு பிறக்கெற். இதைத்தான் முதல்ல வண்டியில பூட்ட வேணும், மேசையில வைச்சு அளவெடுத்து ஒட்டினா சரிவராது. முப்பது வருஷ செசி ரெண்டு பக்கமும் ஒரே அளவில இருக்கும் எண்டு நம்பேலாது. பிறக்கெற்றைப் பொல்டில அரைகுறையாத் தொங்கவிட்டு, நடு முகத் தகட்டை ஜக்கில தாங்கி, பொனற் விளிம்புக்கும் ரெண்டு ஹெட்லைற்றுக்கும் சமமா வைச்சுப் பாரும். வண்டியின் பொடிக்கும் பம்பருக்கும் இடையில 15–20 மி.மீ. இடைவெளி விட வேணும். பம்பர் செசியில நிக்குது, பொடி ரப்பர் மேல ஆடுது. 5 மி.மீ. விட்டு அழகாப் பொருத்தினா முதல் பள்ளத்திலேயே மட்காட்டில இடிக்கும். இடம் சரியானதும் பொல்டை இறுக்கி, பிறக்கெற்றையும் முகத் தகட்டையும் டாக் (துண்டு அசையாமல் நிக்க வைக்கிற சின்ன ஒட்டு) மட்டும் வையும். வண்டியில வைச்சு அதுக்கு மேல ஒட்ட வேண்டாம்.

அந்த டாக்குக்கும் பற்றரியின் ரெண்டு முனையும் கழட்டியிருக்க வேணும். எர்த் கிளாம்பை ஒட்டுற துண்டிலேயே, ஒட்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள பிடிக்க வேணும். செசியின் மற்றப் பக்கத்தில பிடிச்சா கரண்ட் போற வழியில உள்ள பெயரிங்கும் வயரும் பாதிக்கும்.

இப்ப கழட்டி மேசைக்குக் கொண்டு வாரும். மிச்சத் துண்டுகளை நடுவில இருந்து ரெண்டு செட்டைக்கும் (பம்பரின் ரெண்டு பக்க முனை) போற மாதிரி டாக் வையும். ஒவ்வொரு டாக்கும் 10–15 மி.மீ. நீளம், ஒவ்வொரு 80–100 மி.மீ.க்கும் ஒண்டு. முழுக்க டாக் வைச்சு முடிஞ்சதும் திரும்ப வண்டியில ஏத்திப் பாரும். டாக்கை ஒரு வெட்டு டிஸ்க்கால ரெண்டு நிமிஷத்தில அறுக்கலாம், முழு ஒட்டை அறுக்க ஒரு நாள் போகும்.

நெளிவுக்கு: ஒட்டு ஆறும்போது சுருங்கும், தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். முகத் தகட்டுக்குப் பின்னால எல்லாத்தையும் ஒரே மூச்சில ஒட்டினா ரெண்டு செட்டையும் உள்ளுக்கு மடங்கி வில்லு மாதிரி நிக்கும். முழு ஒட்டுக்கு முதல் பின்பக்கம் குறுக்க ஒரு 40×40 பொக்ஸ் பாரை டாக் பண்ணி வையும், கடைசியில அறுத்து எடுக்கலாம். 40–50 மி.மீ. ஒட்டி, எதிர்ப்பக்கத்தில அதே அளவு ஒட்டி, பிறகு தள்ளி வேற மூலைக்குப் போகவேணும். கை வைச்சா தாங்கக்கூடிய சூட்டுக்கு வந்த பிறகுதான் பழைய இடத்துக்குத் திரும்பிறது. அவசரத்துக்குத் தண்ணி ஊத்தக்கூடாது.

இன்னொண்டு, இதைப் பலர் விடுகினம். வெளி மூலைகளில தகடு ரெண்டும் முனையோட முனை சந்திச்சு வீ வடிவில திறந்திருக்கும். அதை வெளியால நிரப்பி ஒட்டி, பளபளப்பா ராவி எடுப்பினம். ராவேக்க ஒட்டின் தடிப்பில பாதி போகுது. உள்மூலையிலயும் ஒட்டின பிறகுதான் வெளியால ராவலாம். உள்ளால ஒட்டாமல் ராவின மூலை ஒரு மாட்டில முட்டினாலே கோடு விழுந்து பிளக்கும்.

6013 முகத் தகட்டுக்குப் போதும். 2.5 ரொட்டுக்கு 85–95 அம்பியர். துண்டைத் திருப்பித் திருப்பிக் கிடையா வைச்சு ஒட்டும். நிக்க வைச்சு மேல இருந்து கீழ இழுத்தா கசடு முன்னால ஓடி ஒட்டு மேலால மட்டும் பிடிக்கும். மொத்த ஒட்டு ஏறக்குறைய 10 மீற்றர் வரும், 2 முதல் 2½ கிலோ ரொட் எடுத்து வையும்.

பிறக்கெற்றுக்கும் காதுக்கும் 3.2 மி.மீ. 7018, 110–130 அம்பியர், ரொட் பிளஸ்ஸில. ஆனா திருமலைக் காத்தில 7018 பெட்டியைத் திறந்து வைச்சா சில மணித்தியாலத்தில ஈரம் உறிஞ்சும். ஈர ரொட்டால வாற ஹைட்ரஜன், ஒட்டுக்குப் பக்கத்தில தடிப்பு இரும்பில பிறகு வெடிப்பு விழ வைக்கும். வெயிலில காயவைச்சு அது சரிவராது, 350 பாகை அளவில சுட்டெடுக்க வேணும். வீட்டு ஓவனுக்கு அது ஏலாது. சின்ன, காத்துப் புகாத பொதியா வாங்கி அண்டைக்கே முடியும்.

கேஸ் இல்லாத மிக் வயரில ரெண்டு இனம். ஜிஎஸ் எண்டு போட்டது மெல்லிய தகட்டுக்கு, ஒரே ஒரு வரி ஒட்டுக்கு மட்டும். பிறக்கெற்றுக்கு அதைத் தொட வேண்டாம். 11 எண்டு போட்டதில பல வரி ஒட்டலாம். ரெண்டுக்கும் டோர்ச் (வயர் வெளிய வாற கைபிடி) மைனஸில இருக்க வேணும். வாடகை மெஷின் பெரும்பாலும் பிளஸ்ஸில பூட்டித்தான் வரும், மாத்தாமல் ஒட்டினா தெறிப்பு மட்டும்தான் மிஞ்சும். உமக்கு ரொட் பழக்கம் இருக்கெண்டா ரொட்டிலேயே நில்லும்.

கிண்ணியா ஃபோர்வீல்:

அண்ணன் சொன்ன ஒழுங்கு சரி. நான் காதையும் பொல்டையும் பத்தி மட்டும் சொல்றன், ஆளுக்கு ஆபத்து வாறது அதிலதான்.

நிலாவெளி மணலில அச்சு வரைக்கும் இறங்கின வண்டியை இழுக்கக்குள்ள காதில வாற பாரம் சும்மா வீதியில கட்டி இழுக்கிற மாதிரி இல்ல. காது பிஞ்சா ஷக்கிளோட சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல இரும்பு கண்ணாடிக்கு நேரே பறக்கும். அதனால காது முகத் தகட்டில நிக்கக் கூடாது. முகத் தகட்டில வெட்டி விட்ட துவாரத்தால உள்ள போய், பிறக்கெற்றின் பக்கத் தகட்டோட நீளமா ஒட்டியிருக்கணும், ரெண்டு பக்கமும். உங்க கிட்டில காதுக்கு வால் இருக்கா பாருங்க. வால் இல்லாம முகத்தில மட்டும் ஒட்டுற மாதிரி இருந்தா அதை அலங்காரமா வைங்க, இழுக்கிறதுக்கு செசியில பொல்டால பூட்டின பழைய கொழுக்கியையே பாவிங்க.

4.75 தொன் வில்லு ஷக்கிளுக்கு ஊசி 22 மி.மீ., வாய் அகலம் ஏறக்குறைய 32 மி.மீ. 20 மி.மீ. காது அதுக்குச் சரி. துளை 24–25 மி.மீ. போதும். துளை ஓரத்தில இருந்து காதின் வெளி விளிம்பு வரைக்கும் குறைஞ்சது ஊசித் தடிப்பளவு இரும்பு இருக்கணும்.

20 மி.மீ. காதை 6 மி.மீ. தகட்டில ஒட்டுறதுதான் இந்தக் கிட்டிலேயே கஷ்டமான வேலை. தடிப்பு இரும்பு சூட்டைக் குடிச்சிடும். மேலால வடிவா வரி வரியா இருக்கும், காதுப் பக்கம் பிடிச்சே இருக்காது. அதை வெளியால பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. அதுக்கு முதல் இந்தச் சோதனையைச் செய்ங்க: அதே தடிப்பில ரெண்டு வெட்டுத் துண்டை எடுத்து, ஒண்டு மேல ஒண்டை நிமித்தி வைச்சு, ஒரு பக்கம் மட்டும் 50 மி.மீ. ஒட்டுங்க. ஆறின பிறகு வைஸில பிடிச்சு, ஒட்டின பக்கத்துக்கே மடங்குற மாதிரி சுத்தியலால அடிச்சுப் பிளங்க. வேர் (ஒட்டின் அடி மூலை) முழுக்க நரை நிறத்தில சொரசொரப்பாக் கிழிஞ்சிருந்தா நல்லது. தகட்டின் பழைய மூலை கூராக் கோடு மாதிரி அப்படியே தெரிஞ்சா ஒட்டு உருகிப் பிடிக்கல்ல. மூணு தரம் தொடர்ந்து நல்லா வராட்டி காதையும் பிறக்கெற்றையும் நீங்க டாக் மட்டும் வைச்சு, பாரமான இரும்பு ஒட்டிப் பழகின ஆளிட்டக் குடுங்க. அரை நாள் கூலிதான்.

பொல்ட்டின் பலத் தரம் 8.8 அல்லது 10.9. தலையில எழுதியிருக்கும், எழுத்தில்லாததை வாங்காதீங்க. ஜப்பான் வண்டியில எம்12 (12 மி.மீ. பொல்ட்) எண்டா பெரும்பாலும் 1.25 மி.மீ. புரி, கடையில சும்மா கேட்டா 1.75 தான் தருவாங்க. கையால ஐஞ்சு ஆறு சுத்து லேசாப் போகாட்டி ஸ்பானர் போடாதீங்க. 8.8 எம்12க்கு 80 நியூட்டன் மீற்றர் அளவில இறுக்கி, 500 கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்பப் பாருங்க.

பாரமும் கணக்கில எடுங்க. 3/16 தகடு சதுர மீற்றருக்கு 37 கிலோ வரும். முழுப் பம்பர் 50 கிலோவைத் தாண்டும், வின்ச் (வண்டியை இழுக்கிற கயிறு சுத்துற மோட்டார்) போட்டா இன்னும் 30–40. வி46க்கு முன்னுக்கு டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யிற இரும்புக் கம்பி. பூட்ட முதல் சில்லு நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து எழுதி வைங்க. பூட்டின பிறகு முன்பக்கத்தை ஜக்கில தூக்கிப் பாரத்தை எடுத்திட்டு, அந்தக் கம்பிகளை முறுக்குற ரெண்டு அங்கர் பொல்டையும் ஒரே எண்ணிக்கையில சுத்தி அந்த உயரத்துக்குக் கொண்டு வாங்க. பிறகு வீல் எலைன்மென்ற்றும் ஹெட்லைற் உயரமும் கட்டாயம். இன்சூரன்ஸுக்கும் மோட்டார் வாகனப் பரிசோதகருக்கும் வேலை தொடங்க முதலே சொல்லிக் கேளுங்க.

சாம்பல்தீவு வி46:

பார்த்தன், காதுக்கு 120 மி.மீ. வால் இருக்கு. சோதனைத் துண்டு நாளைக்கே ஒட்டிப் பாக்கிறன். ஒரு சிக்கல்: 90 அம்பியருக்கு மேல வைச்சா ரெண்டு மூண்டு ரொட்டில பிளக் சுடுது, ஒட்டு நடுவில நூந்து போகுது. 25 மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயரிலதான் எடுக்கிறன். மெஷின் பழுதா?

மூன்றாம் கட்டை எலெக்ட்ரிக்:

மெஷின்ல பிழை இருக்காது, வயரைத்தான் பார்க்க வேணும். 110 அம்பியரில ஒட்டேக்க சின்ன இன்வேட்டர் மெஷின் சுவரில இருந்து 18–20 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக் அதுக்கானதில்லை. 25 மீற்றர் வயர் 1 சதுர மி.மீ. எண்டா போக வர 50 மீற்றர் செம்பில 17 வோல்ற் விழும். 2.5 எண்டா 7 வோல்ற். பின்னேரத்தில லைனிலயே வோல்ற் குறைஞ்சிருந்தா மெஷின் நூராமல் என்ன செய்யும்?

போர்ட்டில இருந்து தனியா 4 சதுர மி.மீ. வயர், 32 அம்பியர் பிரேக்கர், தொழிற்சாலைகளில பாவிக்கிற 32 அம்பியர் வட்டச் சொக்கெற். ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால எடுக்க வேணும், அதைத் தாண்டி எடுக்கக்கூடாது. தகுதியுள்ள ஆளைக் கொண்டு செய்யுங்கோ. எக்ஸ்டென்ஷனை உருளையில சுத்தின படி பாவிச்சா உள்சுத்து உருகும், முழுக்க விரிச்சு விடுங்கோ. இன்னும் நீளம் வேணுமெண்டா சுவர்ப் பக்க வயரைக் கூட்டாமல் தடிப்பான வெல்டிங் கேபிளைக் கூட்டிறது நல்லம்.

உள்துறைமுக வெல்டிங்:

பெயின்றுக்கு ஒருத்தரும் வரேல்லை, நானே எழுதுறன்.

கடலுக்கு 300 மீற்றர் எண்டா தேய்ச்ச இரும்பில பின்னேரமே செம்மஞ்சள் பூக்கும். தேய்க்கிறதும் பிறைமர் அடிக்கிறதும் ஒரே நாளில முடிய வேணும். தேய்க்க முதல் நல்ல தண்ணியால கழுவி உப்பை எடும், இல்லாட்டி உப்பைத் தகட்டுக்குள்ள தேய்ச்சு வைக்கிறீர். காலமை பத்து மணிக்குப் பிறகு, இரும்பு வெயிலில கொஞ்சம் சூடேறின பிறகு அடியும். ஐப்பசி முதல் தை வரைக்கும் மழையும் ஈரமும் விடாது, அந்த மாதங்களில திறந்த வெளியில பெயின்ற் வேலை வைக்காதையும்.

ரெண்டு கலவை எபொக்சி ஸிங் பிறைமர், அதுக்கு மேல எபொக்சி ஒரு கோட், கடைசியா ரெண்டு கலவை பொலியூரித்தேன். எபொக்சியை மட்டும் அடிச்சு விட்டா வெயிலில சுண்ணாம்பு மாதிரிப் பொடியாகும். கூர் விளிம்புகளில பெயின்ற் தானா மெலியும், ஸ்ப்ரே பண்ண முதல் எல்லா விளிம்புக்கும் ஒட்டுக்கும் பிறஷ்ஷால ஒரு கோட் தனியா இழும். பவுடர் கோட்டிங் பார்க்க வடிவு, ஆனா ஒரு கல் தெறிச்ச இடத்தால உப்புத்தண்ணி அடியால ஊர்ந்து போகும், வெளியால தெரியாது.

விட்டு விட்டு ஒட்டின இடங்களின் இடுக்கை பொலியூரித்தேன் சீலரால அடையும். பம்பரின் ஆகக் கீழ மூலைகளில 10–12 மி.மீ. துளை நாலு போடும், பெயின்றுக்கு முதல். உள்ளுக்கு மெழுகு ஸ்ப்ரே அடிக்கலாம். கல்வனைஸுக்கு உருக்கின ஸிங் தொட்டியில முக்கிறதெண்டா பெயின்றை மற, ஆனா மூடின பொக்ஸ் ஒண்டுகூட துளை இல்லாமல் இருக்கக்கூடாது, உள்ளுக்குள்ள இருக்கிற ஈரம் ஆவியாகித் தொட்டியிலேயே வெடிக்கும். கல்வனைஸ் பைப்பில புல் பார் சேர்க்கிற யோசனை இருந்தா ஒட்டுற இடத்தில ஸிங்கை முழுக்க ராவி எடு, அந்த வெள்ளைப் புகைக்கு இரவில குளிர்காய்ச்சல் வரும்.

சோதனைத் துண்டைப் பிளந்ததும் வேர்ப்பக்கத்தைப் படமெடுத்து இங்க போடும். காதைத் தொட முதல்.