சாவிக்கொத்து மல்டி டூலில் உள்ள குறடு எதற்குத் தாங்கும்?

கேள்வி (குன்னூர்):
வணக்கம். வேலை நிமித்தம் வாரத்தில் ஐந்து நாள் பைக்கில் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். சாவிக்கொத்திலேயே ஒரு நோஸ் பிளேயர் (கூர்மூக்குக் குறடு) இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. லெதர்மேன் ஸ்குவர்ட் பி.எஸ்.4, கெர்பர் டைம் ஆகிய இரண்டு மல்டி டூல்களும் (பல கருவிகள் ஒன்றாக மடிந்திருப்பவை) என் பார்வையில் உள்ளன. லெதர்மேனின் இன்னொரு மாடலான மைக்ராவில் குறட்டின் இடத்தில் கத்தரி இருப்பதால் அதை விட்டுவிட்டேன். மழைக்கோட்டு ஜிப்பின் இழுவை கழன்றால் மாட்ட வேண்டும், கட்டுக்கம்பி நறுக்க வேண்டும், கிளட்ச் கேபிளின் நட்டைத் திருக வேண்டும். இவற்றை இந்தக் குட்டிக் குறடுகள் செய்யுமா?

மறுமொழி (கோத்தகிரி):
மடித்த நிலையில் ஸ்குவர்ட் ஏறத்தாழ 57 மி.மீ., டைம் 70 மி.மீ. நீளம், எடை முறையே 57, 62 கிராம் அளவில் இருக்கும். இரண்டிலும் ஸ்பிரிங் இருப்பதால், பிடியைத் தளர்த்தியதும் வாய் தானாகத் திறந்துகொள்ளும்; குளிரில் விரல் மரத்திருக்கும் காலையில் இது பெரிய உதவி. டைமின் கைப்பிடி சற்று நீளம் என்பதால் உள்ளங்கையில் கொஞ்சம் கூடுதலாகப் பதியும்.

ஆனால் பலம் எங்கே கிடைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் உள்ள குட்டிக் குறட்டை ஸ்கேல் வைத்து அளந்தேன். விரல் அழுத்தும் இடம் அச்சாணியிலிருந்து 45 மி.மீ., மூக்கு நுனி 20 மி.மீ., நறுக்கும் பகுதி 6 மி.மீ. தொலைவில் இருந்தன. அதாவது கையின் அழுத்தம் நுனியில் இரண்டேகால் மடங்காகவும், நறுக்கும் இடத்தில் ஏழரை மடங்காகவும் சேருகிறது. ஆகவே, கட்டுக்கம்பியை நுனியில் வைத்துக் கடிக்காமல், அச்சாணியை ஒட்டிய வெட்டும் பகுதிக்குள் ஆழமாகச் செருகினால் எளிதில் அறுபடும். பிரேக் கேபிள், ஸ்பிரிங் கம்பி போன்ற கடினமான எஃகை மட்டும் வெட்டாதீர்கள், வெட்டும் விளிம்பில் பள்ளம் விழுந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் வெட்டி, என் விளிம்பைப் பாழாக்கிக்கொண்டவன் நான்.

மறுமொழி (கொடைக்கானல்):
மேலே சொன்னது சரி. இருந்தாலும் நான் அளவைவிட வாயின் இரு பக்கமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கடையில் மூடிப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இரண்டு நுனிகளும் நேராகச் சந்திக்கின்றனவா, பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகின்றனவா என்பது உடனே தெரியும். செய்தித்தாள் ஒன்றை நுனியால் கவ்வி இழுங்கள். நழுவினால் தோலில் ஏறிய முள்ளையும் அதனால் எடுக்க முடியாது. நான் முதலில் வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத ஒன்று, பின்பக்கம் மட்டும் இறுகி நுனியில் இடைவெளி விட்டது.

இன்னொன்று, அச்சாணிக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம் மலையில் அது உறைந்துவிடும். மார்கழியில் ஸ்பிரிங் அசையவே மறுத்தது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனைந்த மேல்சட்டைப் பையிலேயே விட்டுவிட்டால், துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருப்பவற்றிலும் அச்சாணி ஓரம் பழுப்பேறும்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் கிளட்ச் நட்டு?

மறுமொழி (கோத்தகிரி):
அதற்கு வேண்டாம், தம்பி. சிறு குறட்டின் வாய் நட்டின் முனைகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடும். அதன்பின் ஸ்பானரும் பிடிக்காது. அந்த நட்டுக்கு உரிய ஸ்பானர் ஒன்றை சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். ஜிப்புக்கும் முள்ளுக்கும் மெல்லிய கம்பிக்கும் ஸ்குவர்ட்டே போதும். சாவியோடு பையில் இருப்பதே தெரியாது. பர்லியாறு தாண்டி வண்டி நின்று, கையில் இறுக்கிப் பிடிக்கும் வேலை அதிகம் வருமென்றால் டைமை எடுங்கள்.