நின்றுபோன இஞ்சினைத் திறப்பதற்கு முன்னால்

ஓடாத மாடல் ரயில் இஞ்சின்கள் நண்பர்கள் மூலமாக என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. வரும்போதே "மோட்டார் போயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். நான் பார்த்தவரை மோட்டார் நிஜமாகவே எரிந்திருந்தது மிக அரிது. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன், கரண்ட் எதுவரை வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

நான் ஓட்டுவது ஓஓ அளவு, அதாவது நிஜ ரயிலில் 76-இல் ஒரு பங்கு (1:76); தண்டவாளம் வழியாக 12 வோல்ட் டிசி (நேர்மின்சாரம்) போகும். ஒரு நண்பர் வீட்டில் இஞ்சின் ஒரு வளைவுக்குள் போனதும் நின்றுவிடும். வேறு இஞ்சினை விட்டால் அதுவும் அங்கேயே நின்றது. அப்போதே சந்தேகம் தண்டவாளத்தின் மேல் போக வேண்டும். கண்ட்ரோலரில் வேகத்தைக் கூட்டி வைத்து, மல்டிமீட்டர் முனைகளை இரு தண்டவாளங்களிலும் வைத்தபடி நகர்ந்தோம். வளைவு தொடங்கும் இணைப்பைத் தாண்டியதும் வோல்டேஜ் விழுந்தது. துண்டுகளைச் சேர்க்கும் சின்ன உலோகத் தகடு தளர்ந்து, உள்ளே கறுத்துப் போயிருந்தது. அந்தத் துண்டுக்குத் தனியாக இரண்டு ஒயர் சால்டர் வைத்தோம், சரியாகிவிட்டது. பெரிய லேஅவுட்டில் (தண்டவாள அமைப்பில்) தகட்டை மட்டும் நம்பவே கூடாது.

நாலு சக்கரச் சின்ன இஞ்சின் பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேல் மட்டும் நின்றால் அது வேறு விஷயம். பல பாயின்ட்களில் தண்டவாளங்கள் சேரும் மூக்குப் பகுதி பிளாஸ்டிக். அங்கே ஒரு சக்கரத்துக்குக் கரண்ட் கிடைக்காது, அதே பக்கத்து மற்றச் சக்கரமும் அழுக்காக இருந்தால் கதை முடிந்தது. காட்டன் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுச் சக்கர விளிம்பைத் துடைத்தால் கறுப்பாக வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு உட்காரும்.

தண்டவாளமும் சக்கரமும் சுத்தம், அப்படியும் ஓடவில்லை என்றால் சத்தத்தைக் கேளுங்கள். விளக்கு எரிந்து, மோட்டார் முனகி, சக்கரம் அசையவில்லையா? உடனே கண்ட்ரோலரை அணைத்துவிடுங்கள். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார்தான் அதிகக் கரண்ட் இழுக்கும், நல்ல மோட்டாரும் அப்படித்தான் எரிகிறது. ரொம்ப வருடம் அலமாரியில் கிடந்த இஞ்சின் ஒன்றைத் திறந்தபோது கியரில் இருந்த கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தது. பல்குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலில் கழுவி, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டதும் பழையபடி ஓடியது. கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

மோட்டார் தாராளமாகச் சுற்றியும் சக்கரம் நகரவில்லை என்றால் பிளாஸ்டிக் கியரைப் பாருங்கள். இரும்பு அச்சில் இறுக்கி ஏற்றியது என்பதால் வருடங்கள் போகப் போக இழுவிசையில் வெடித்துவிடும். மயிரிழை வெடிப்புதான், லென்ஸ் வைத்தால்தான் தெரியும். பசை அந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, கியரை மாற்றுவதுதான் வழி.

அப்புறம் டிசிசி, அதாவது ஒவ்வொரு இஞ்சினையும் அதன் முகவரி எண்ணால் தனியாக அழைத்து ஓட்டும் டிஜிட்டல் முறை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு இஞ்சின் டிசிசி கண்ட்ரோலரில் அசையவே இல்லை. இஞ்சினுக்குள் இருந்து கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்டான டீகோடர் செத்துவிட்டது என்று புதிது வாங்கவே நண்பர் கிளம்பிவிட்டார். புதிய டீகோடரில் முகவரி 3 என்று இருக்கும், அவரும் 3 போட்டுத்தான் அழைத்துக்கொண்டிருந்தார். டீகோடர் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் துண்டான புரோகிராமிங் தடத்தில் வைத்து முகவரியைப் படித்தோம். முந்தைய உரிமையாளர் இஞ்சின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணையே முகவரியாக வைத்திருந்தார். அந்த எண்ணைக் கொடுத்ததும் நகர்ந்தது. பல டீகோடர்களில் சிவி 8-இல் (சிவி என்பது டீகோடரின் எண்ணிட்ட அமைப்பு இடம்) 8 என்று எழுதினால் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். ஆனால் முதலில் முகவரியைப் படித்துப் பாருங்கள். ரீசெட் செய்தால் முந்தையவர் பொறுமையாகச் சரிசெய்து வைத்த வேக அமைப்புகளும் சேர்ந்தே அழிந்துவிடும்.