நன்றி எதிர்பார்த்தது பாவமா?

மானிப்பாய்த் தையல்காரி:

நான் வீட்டிலேயே தையல் தைத்துப் பிழைப்பவள். பக்கத்து வளவில் ஓர் ஆச்சி தனியாக இருந்தார். சைவ ஆச்சி, பிள்ளைகள் மூவரும் கனடாவில். கண் மங்கி அடுப்பு மூட்டப் பயந்த நாளிலிருந்து அவருக்கும் சேர்த்து இடியப்பம் அவிக்கத் தொடங்கினேன். நான்கு வருடம், ஒவ்வொரு மாலையும் ஏழு இடியப்பமும் ஒரு கோப்பை சொதியும் வேலியில் இருந்த பொட்டு (இடைவெளி) வழியாகப் போகும். சொதியில் பச்சைமிளகாய் கூடாது. பல் இல்லாதபடியால் சம்பலை அம்மியில் மைபோல அரைக்க வேண்டும். யாரும் கேட்டு நான் செய்யவில்லை, காசும் வாங்கவில்லை.

ஆச்சி காலமானார். பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தார்கள். அந்தியேட்டிக் கிரியையன்று கொடுத்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல் இருந்தது. வைத்தியர், பந்தல் போட்டவர், வாகனம் தந்தவர், மலரை அச்சிட்ட அச்சகம் வரை எல்லோருக்கும் நன்றி. என் பெயர் இல்லை. ‘அயலவர்கள்’ என்ற ஒரு சொல்கூட இல்லை. இரண்டு தரம் வாசித்தேன். வீட்டுக்கு வந்து மெசினுக்கு முன்னால் இருந்து அழுதேன்.

அழுததுதான் என்னை உறுத்துகிறது. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று இயேசு சொன்னதை ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவளே நான்தான். அப்படியென்றால் நான்கு வருடமும் என் இடது கை கணக்கு எழுதிக்கொண்டிருந்ததா? அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தில்தான், அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலனளிப்பார் என்றும் இருக்கிறது. பலனை எதிர்பார்க்கக் கூடாது என்றால் அதை ஏன் சொல்ல வேண்டும்? போதகரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

கொழும்பு வாசி:

சகோதரி, கலங்க வேண்டாம். ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான் என்று நீதிமொழிகள் 19:17 சொல்கிறது. கர்த்தர் கடன் வைக்கிறவர் அல்ல. அந்த நான்கு வருடத்து இடியப்பத்துக்கும் சேர்த்து உங்கள் தொழிலை நூறு மடங்காக ஆசீர்வதிப்பார். விசுவாசித்துக் காத்திருங்கள்.

உடுவில் ஆசிரியர் (ஓய்வு):

கொழும்புத் தம்பி அன்போடு எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தங்கச்சி தொழில் பெருகவில்லையே என்று அழவில்லை.

தங்கச்சி, லூக்கா 17ஐ எடுத்துப் பாருங்கள். பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். ‘மற்ற ஒன்பதுபேர் எங்கே?’ என்று கேட்டவர் இயேசுவே. நன்றி வராததை அவரும் கவனித்தார். ஆனாலும் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திருப்பி எடுக்கவில்லை. நீங்கள் அழுதீர்கள், ஆனால் அந்தப் பிள்ளைகளோடு சண்டைக்குப் போகவில்லை. இதில் பாவத்தைத் தேடாதீர்கள்.

உதவி வாங்கிய பக்கத்தில் நின்றவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓரடி வைக்க ஒரு மணி நேரம் போனதுபோல இருந்தது. அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு, மறுநாள் மீசாலையில் ஒரு வீட்டுப் படலையில் போய் நின்றேன். வளவுக்குள் ஏற்கெனவே ஆறு குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்கா எங்களை யார், எவர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மாவுக்குத் தன்னுடைய உலர்ந்த சேலையைக் கொடுத்து, ஈரச் சேலையை வாங்கிப் பிழிந்து திண்ணைக் கொடியில் போட்டார். ஐந்து மாதத்துக்கு மேல் அவருடைய கிணற்றில்தான் குடித்தோம், குளித்தோம்.

1996 ஏப்ரலில் ஊர் திரும்பும் அவசரத்தில் ‘போய்வருகிறோம்’ என்று மட்டும் சொன்னோம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில், மீசாலை இருக்கும் தென்மராட்சி சிதைந்தது. 2002இல் போய்ப் பார்த்தேன். கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அவர்கள் எங்கே என்று சொல்ல அயலில் ஒருவரும் இல்லை. அம்மா சாகும்வரை இரவு ஜெபத்தில் எங்கள் பெயர்களுக்கு முன்னால் ‘மீசாலைப் பிள்ளையை’ வைத்துத்தான் ஜெபித்தார். அந்த அக்காவுக்கு இது தெரியாது. நாங்கள் மறந்துவிட்டோம் என்றே நினைத்திருப்பார்.

லூக்கா 14இல், உனக்குப் பதில் செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழை, நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும் என்று இயேசு சொல்கிறார். எனக்கு அந்த வசனம் மீசாலை அக்காவின் முகத்தோடுதான் வருகிறது. நான் தீர்க்க முடியாமல் போன கடனைக் கர்த்தர் தீர்ப்பார் என்று நம்பியே நிம்மதியாகத் தூங்குகிறேன். பலனைப் பற்றி வேதம் ஏன் பேசுகிறது என்று கேட்டீர்கள். வாங்கியவர்களுக்கும் அந்த வாக்கு தேவைப்படுகிறது, தங்கச்சி.

மானிப்பாய்த் தாதி:

அக்கா, நானும் உங்கள் ஊர்தான். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் எங்கள் ஊரில் வைத்தியம் செய்து, தமிழ் படித்து, இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, 1873இல் திரும்பிப் போனார். வைத்தியசாலைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம், அது நியாயம். ஆனால் அவர் காலத்தில் கஞ்சி காய்ச்சியவர்கள், புண் கழுவியவர்கள் பெயரை நான் எங்கும் கண்டதில்லை. இரவுக் கடமையில் சில வேளை அவர்களை நினைத்துக்கொள்வேன்.

ஒன்று கேட்கலாமா? மலரை எழுதியவர்கள் பிள்ளைகள். ஆச்சி உங்களுக்கு என்ன சொன்னார்?

மானிப்பாய்த் தையல்காரி:

ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதை மகனைக் கொண்டு உரத்து வாசிப்பித்துக் கேட்டேன். உங்கள் அம்மாவின் ஜெபம் மனதை விட்டுப் போகவில்லை.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு நேற்று முழுவதும் யோசித்தேன். ஆச்சி நன்றி என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. ஆனால் சொதிக் கோப்பை ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. தேசிக்காய், கறிவேப்பிலைக் கொத்து, ஒரு முருங்கைக்காய். ஒன்றும் இல்லாத நாளில் முற்றத்து நந்தியாவட்டைப் பூ இரண்டு கிடக்கும். கண் தெரியாதவர் அதை எப்படித் தடவிப் பறித்தார் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசிக் கிழமை எழும்ப முடியாமல் படுத்திருந்தபோது, ‘இன்றைக்கு வெறுங்கோப்பையாகத் தருகிறேன், பிள்ளை’ என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தைத்த சட்டை பாதியில் கிடக்கிறதென்று நான் ஓடிவந்துவிட்டேன்.

அவர் தந்த தேசிக்காயில் போட்ட ஊறுகாய் இன்னும் அரைப் போத்தல் இருக்கிறது. பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கனடாவுக்குப் போகிறார்கள். நாளைக்கு அதைப் பொட்டால் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.