புதுப்பிப்பு: நாவலைக் குறைப்பதா, அப்படியே விடுவதா?

சொந்தச் செலவில் அச்சிடவிருக்கும் என் நாவல் 58,000 சொற்கள். குறைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். குறைத்துவிட்டேன். இப்போது 45,000.

பலர் ஆங்கில நாவல்களுக்கான சொற்கணக்கைச் சொன்னீர்கள். அமெரிக்காவில் அறிவியல் புனைவுக்குத் தரும் நெபுலா விருதுக்கு 40,000 சொற்கள் இருந்தாலே நாவல்தான். ஆனால் ஆங்கிலம் நாலைந்து சொற்களில் சொல்வதைத் தமிழ் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடும். அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. பக்கக் கணக்குதான் கைகொடுத்தது. டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவில் என் வடிவமைப்பில் பக்கத்துக்கு 200 சொற்களுக்குச் சற்று மேல். அச்சகத்தில் 16 பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து அடிப்பார்கள்; அது ஒரு ஃபாரம். 224 பக்கம் என்றால் சரியாக 14 ஃபாரம். வெற்றுத்தாள் மிஞ்சாது, விலையும் கட்டுக்குள் நிற்கும்.

ஆனாலும் எதை வெட்டுவது என்பதைக் கதைதான் தீர்மானித்தது. கிராம முன்சீப்பின் மூதாதையர் வரலாறு முழுதாகப் போயிற்று; அவர் வாசலில் நின்று பத்திரத்தைக் கொடுக்கும் இடத்திலேயே அந்தப் பரம்பரைச் செருக்கு தெரிகிறது. தங்கை கையெழுத்துப் போடத் தயங்கும் மூன்று பக்கங்களில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. மெதுவாக நகர்கிறது என்றார் ஒரு நண்பர். நகரட்டும், நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அடுத்து மெய்ப்புத் திருத்தம். அதை இன்னொருவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.