புதுப்பிப்பு: பீர்மேடு கங்காணி பூட்டன் பேரு கிடைச்சிருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, கேரளா மலையில இருக்கற பீர்மேடு எஸ்டேட்ல கங்காணியா (கூலியாளுங்களக் கூட்டிட்டுப் போயி வேலை வாங்கறவரு) இருந்த எங்க பூட்டன், செங்கோட்டைக்காரரு, எந்த ரெக்கார்டுலயும் சிக்கலன்னு, கிடைச்சிட்டாருங்க! நான் 1897ன்னே தேடிட்டு இருந்தேன், ஆனா செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் கேரளா பக்கம்தான், திருவிதாங்கூர் காலத்து ஆவணக் கட்டுல எல்லாம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷம்தான் இருக்கும், அதனால 1072ன்னு பாக்கணும். கொல்லம் ஆண்ட இங்கிலீஷ் வருஷமா மாத்த 825 கூட்டுங்க, ஆவணில இருந்து டிசம்பர் வரைக்கும்னா 824.

பூட்டன் பேரு கிடைச்சது நிலப் பதிவுல இல்ல, கோர்ட் கட்டுல. முன்பணம் வாங்கிட்டு மலையிறங்கிப் போன கூலியாளுங்க மேல போட்ட வழக்கு, அதுல இவரு சாட்சி. மலையாள எழுத்துல அவரு பேரு, அப்பா பேரு, ஊரு, கீழ கையெழுத்துக்குப் பதிலா ஒரு கீறல், மை லேசா இழுபட்டிருக்கு. அதையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். ஓடிப்போனவங்க பேரும் வரிசையா இருக்கு, அவங்க வீட்டாளுங்களும் தேடிட்டு இருப்பாங்களேன்னு எல்லாத்தயும் எழுதி வச்சிருக்கேன், வேணுங்கறவங்க கேளுங்க.