ரோட்ஸ்டரின் முன் டயர் உட்பக்கம் மட்டும் தேய்கிறது: மலைப்பாதைக்கும் ஹில் கிளைம்புக்கும் ஒரே அலைன்மென்ட் போதுமா?

ஹட்டன் தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. என்னுடையது முதல் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டர். முந்தியவர் ஸ்பிரிங் மாற்றி, உயரத்தைக் குறைத்த பிறகுதான் என் கைக்கு வந்தது. வேலைக்கு ஹட்டன் – நுவரெலியா ஓட்டம். வருகிற ஏப்ரலில் மககஸ்தோட்டை ஹில் கிளைம்பிலும் (மலை ஏற்றத்தில் ஓடும் கார்ப் பந்தயம்) ஓட ஆசை.

முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது, வெளிப்பக்கமோ புதிது போல இருக்கிறது. கண்டிக்குப் போகும்போது றம்பொடை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் கார் இடமும் வலமும் அலைகிறது. அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணங்களைச் சரிபார்க்கும்) கடையில் "எல்லாம் பச்சை", அதாவது எல்லாம் சரி, என்று தாளைத் தந்தார்கள். முன் கேம்பர் (சில்லின் மேற்பக்கம் சாயும் கோணம், கழித்தல் என்றால் உள்சாய்வு) இடது -1.6, வலது -1.4 பாகை, டோ (மேலிருந்து பார்த்தால் சில்லின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) 0. கேம்பரைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்தால் வளைவில் பிடிப்புப் போய்விடுமே?

நானுஓயா:
தம்பி, கேம்பரில் கை வைக்க வேண்டாம். ஒன்றரைப் பாகை கேம்பர் டயரைக் கம்பி வரைக்கும் தின்னாது. அந்த வேலையைச் செய்வது டோ. ஒரு சில்லு கால் பாகை வெளியே திரும்பி நின்றால் போதும், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நான்கு மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே ஓடும். அதோடு உள்சாய்வும் சேர்ந்தால் உள்விளிம்புதான் முதலில் போகும்.

டயரின் குறுக்கே உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே இழுத்துப் பாருங்கள். அப்போது முள் போலக் குத்தி, மறுபக்கம் தள்ளும்போது வழுக்கினால் டோ-அவுட், அதாவது சில்லு வெளியே திரும்பி ஓடுகிறது.

ஹட்டன் தம்பி:
பார்த்தேன் அண்ணே. உள்ளே இழுத்தால் குத்துகிறது, வெளியே தள்ளினால் வழவழப்பு. ஆனால் தாளில் டோ 0 என்றுதானே இருக்கிறது?

கண்டி கராஜ் பாஸ்:
தாளில் இருப்பது கார் அசையாமல் நிற்கும்போது எடுத்த கணக்கு. பின்சில்லு தள்ளுகிற காரில், ஓடும்போது தரையின் இழுவை முன் சில்லுகளை வெளிப்பக்கம் திறக்கப் பார்க்கும். பிரேக் பிடித்தால் அது இன்னும் கூடும். டை ரொட் (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பி) முனையிலோ கீழ் ஆர்ம் (சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) புஷ்ஷிலோ (அதன் மூட்டில் இருக்கும் ரப்பர்) ஆட்டம் இருந்தால் கடையில் 0, றம்பொடையில் டோ-அவுட். நீங்கள் சொல்லும் அலைச்சலும் அதுதான்.

ஜாக் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லை இருபக்கமும் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் கீழ் ஆர்மின் புஷ்ஷில் லீவர் கம்பி கொடுத்து நெம்பிப் பாருங்கள். இது முடியாமல் ஒரு அலைன்மென்ட்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

ஹட்டன் தம்பி:
வலது டை ரொட் முனையில் ஆட்டம் இருக்கிறது. கீழ் ஆர்ம் புஷ் இரண்டு பக்கமும் வெடித்திருக்கிறது. மாற்றிய பிறகு என்ன கணக்கு வைக்கலாம்?

கண்டி கராஜ் பாஸ்:
இந்தக் காருக்கு நான் வைப்பது இதுதான். முன் கேம்பர் இரு பக்கமும் -1.3 அளவில், பின் கேம்பர் -1.6 அளவில். காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 பாகைக்குக் கிட்ட. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இடமும் வலமும் சமமாக இருப்பதுதான் முக்கியம். முன் டோ மொத்தம் 1 மி.மீ. உள்ளே, பின் டோ மொத்தம் 2 மி.மீ. உள்ளே. பின் டோவை ஒருபோதும் வெளியே விடாதீர்கள். மூடுபனியில் நனைந்த ரோட்டில், வளைவுக்குள் எக்சலேட்டரை விட்டதும் வால் சுற்றிவிடும்.

முன் கீழ் ஆர்மில் இருக்கும் இரண்டு கேம் போல்ட்டும் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) கேம்பரையும் காஸ்டரையும் சேர்த்தே மாற்றும். ஒன்றைத் திருப்பினால் மற்றதையும் அளக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு அவை புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சுத்தியலால் அடித்துப் போல்ட்டின் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பண்டாரவளை:
ஹில் கிளைம்புக்குக் கேம்பரைக் கூட்டத் தேவையில்லையா பாஸ்?

கண்டி கராஜ் பாஸ்:
கட்டுக்குருந்த போன்ற ரேஸ் தடத்தில் சுற்றுச் சுற்றாக ஓடினால் டயர் சூடேறும், அங்கே முன்னுக்கு -2 கூடப் பயன் தரும். ஹில் கிளைம்பில் ஒரே ஏற்றம், குளிர்ந்த டயர். அங்கே வளைவைவிட, புறப்படும்போதும் கொண்டை ஊசியில் பிரேக் பிடிக்கும்போதும் டயர் முழுதாகத் தரையில் படிவதுதான் தேவை. ரோட்டுக் கணக்கிலேயே ஓடுங்கள், காற்றழுத்தத்தை மட்டும் அங்கே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

நானுஓயா:
கடையை நம்பாமல் நீங்களே அளக்கலாம் தம்பி. நம் பக்கம் மட்டமான தரை கிடைப்பதுதான் கஷ்டம். தேயிலைத் தொழிற்சாலை லொறி ஷெட்டின் கொங்கிறீட் தரை இருந்தால் நல்லது. மேசன் பாஸ்மாரின் தண்ணீர்க் குழாயால் நான்கு சில்லுக்கும் மட்டம் பார்த்து, குறைகிற இடத்தில் தரை ஓட்டுத் துண்டை வையுங்கள். மீன்பிடி நரம்பைக் காரின் இரு பக்கமும், நடுக்கோட்டுக்கு இணையாகக் கட்டி, ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் அளந்தால் டோ வந்துவிடும். இந்தக் காரில் பின் சில்லுகளின் இடைவெளி முன்னைவிடச் சற்று அகலம், அதனால் நரம்பைச் சில்லுகளில் ஒட்டிக் கட்டக்கூடாது. கேம்பருக்குத் தூக்குக் குண்டு போதும். 14 அங்குல ரிம்மில் மேலுக்கும் கீழுக்கும் 6 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 பாகை. அளக்கும்போது வலது சீட்டில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டை இருக்கட்டும்.

ஹட்டன் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். புஷ் போட்டதும் போல்ட்டை ஸ்டாண்டில் வைத்தே இறுக்கலாமா?

கண்டி கராஜ் பாஸ்:
வேண்டாம். ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு இறக்குங்கள், காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுங்கள், சில்லு தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட்.