வெள்ளி நிறக் காரை நீலமாக்க வேண்டும், கையிலோ காசு குறைவு

நண்பர்களே, என் பழைய காரின் கூரையிலும் பானெட்டிலும் மேல்பூச்சு வெங்காயத் தோல்போல உரிகிறது. எப்படியும் பெயின்ட் அடித்தாக வேண்டும். அப்படியே அடர்நீலத்துக்கு மாற்றிவிட ஆசை. பட்டறையில் கேட்ட தொகையோ காரின் விலையையே நெருங்குகிறது! அதனால் உப்புத்தாள் தேய்ப்பது, விளக்குகளைக் கழற்றுவது, கண்ணாடிகளை மறைத்து ஒட்டுவது எல்லாவற்றையும் நானே செய்துவிட்டு, ஸ்பிரேயை மட்டும் பெயின்டரிடம் விட நினைக்கிறேன். ஏனென்றால் ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் திரவம்) கலந்த கார் பெயின்டில் பொதுவாக ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குழாயைப் பாதிக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது.

குழப்பமெல்லாம் கதவு இடுக்குகளில்தான். கதவைத் திறந்தால் பழைய வெள்ளி எட்டிப் பார்க்குமே! அதை அப்படியே விட்டவர்கள் இருக்கிறீர்களா? பிறகு கண்ணை உறுத்தியதா? உரிந்த இடங்களில் 400 எண் உப்புத்தாள் போதுமா, இன்னும் சொரசொரப்பானதில் தொடங்க வேண்டுமா?